கட்டியின் ரிப்போர்ட்டில் குடும்ப ஜாதகம் தேடாதீர்கள்

நுரையீரல் கட்டியின் திசுப் பரிசோதனை முடிவு வருகிறது. 'இ.ஜி.எஃப்.ஆர். மரபணு, எக்ஸான் 19 நீக்கம்: உள்ளது' என்று அதில் ஒரு வரி. அந்த மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது என்று பொருள். மரபணு என்ற சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: பிள்ளைகளுக்கும் வருமா?

வராது. அந்த மாற்றம் நோயாளி பிறந்து பல ஆண்டுகள் கழித்து, நுரையீரலின் ஏதோ ஒரு செல்லில் ஏற்பட்டது. கருமுட்டைக்கோ விந்தணுவுக்கோ அதில் பங்கில்லை. சொல்லப்போனால் அந்த வரி நல்ல சேதி. ஜெஃபிடினிப், ஓசிமெர்டினிப் போன்ற மாத்திரைகளுக்குக் கட்டி கட்டுப்படக்கூடும் என்பதற்கான அடையாளம் அது. புகையே பிடிக்காத ஆசியப் பெண்களின் நுரையீரல் புற்றுநோயில் இதை அடிக்கடி பார்க்கலாம். மரபணுவில் நேரும் இத்தகைய மாற்றத்தைச் சடுதி மாற்றம் என்பார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் முதலில் விசாரிக்க வேண்டியது, எந்த செல்லில் நேர்ந்தது என்பதைத்தான்.

இதைக் கேட்டுவிட்டு எதிர்த் திசைக்கு ஓடுபவர்களும் உண்டு. சினைப்பைக் கட்டியில் பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணுவில் மாற்றம் தெரிந்தால், 'கட்டியில்தானே' என்று விட்டுவிடக் கூடாது. அது கட்டியில் மட்டும் தோன்றியதாகவும் இருக்கலாம். பெற்றோரிடமிருந்து வந்து உடலின் எல்லா செல்களிலும் இருப்பதாகவும் இருக்கலாம். ரிப்போர்ட்டில் மாற்றத்தின் விழுக்காடு, அதாவது சோதித்த மரபணுப் பிரதிகளில் எத்தனை பங்கில் மாற்றம் இருந்தது என்று ஒரு கட்டம் உண்டு. அது 50-ஐ ஒட்டி இருந்தால் பரம்பரையோ என்று சந்தேகிக்கலாம். முடிவு கட்ட முடியாது. இரத்தத்திலோ உமிழ்நீரிலோ தனியாகச் சோதிக்க வேண்டும்.

அங்கும் ஒரு சிக்கல். வயதானவர்களின் எலும்பு மஜ்ஜையில், மாற்றம் பெற்ற ஒரே செல்லின் வாரிசுகள் பெருகி இரத்தத்தில் கணிசமான இடத்தைப் பிடித்துவிடுவதுண்டு. 70 வயதைக் கடந்தவர்களில் 10 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் இது காணப்படுகிறது. ஆகவே, முதியவரின் இரத்தத்தில் டி.பி.53 என்ற மரபணுவின் மாற்றம் குறைந்த விழுக்காட்டில் தெரிந்தால் அதைப் பரம்பரைக் கோளாறு என்று எழுதிவிடக் கூடாது. தோலிலிருந்து செல் எடுத்து வளர்த்துப் பார்த்தால்தான் விஷயம் தெளியும்.

மாற்றம் இருந்தாலே நோய் என்று எண்ணுவதும் தவறு. பிரிட்டனின் சாங்கர் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர்கள் கண் இமையிலிருந்து அகற்றப்பட்ட சாதாரணத் தோலை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவு பலரைத் திகைக்கவைத்தது. வெயில் பட்ட அந்தத் தோலின் செல்களில் கால்வாசிக்கும் மேல், புற்றுநோயைத் தூண்டும் வகை மாற்றங்களைச் சுமந்திருந்தன. ஆனாலும் அது ஒழுங்காகத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்த தோல்தான்.

கதிர்வீச்சைப் பற்றிய பயத்திலும் இதே குழப்பம். 1945-இல் ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தவர்களிடையே இரத்தப் புற்றுநோய் கூடியது உண்மை. ஆனால் பின்னர் அவர்களுக்குப் பிறந்த பல்லாயிரம் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தும், மரபுவழிக் கோளாறுகள் கூடியதாகத் தெரியவில்லை. அதற்காக, குழந்தைகள் புது மாற்றமே இல்லாமல் பிறப்பதாகவும் நினைக்க வேண்டாம். பெற்றோர் இருவரிடமும் இல்லாத சுமார் 60, 70 மாற்றங்கள் ஒவ்வொரு குழந்தையிடமும் உண்டு. அவற்றில் பெரும்பங்கு தந்தையின் விந்தணு வழியாக வருவது. அவருக்கு வயது ஏற ஏற எண்ணிக்கையும் ஏறும். குரோமோசோம் எண்ணிக்கை பிசகுவதற்குத்தான் தாயின் வயது முக்கியக் காரணம். பெண்ணின் வயதை மட்டுமே விரல்விட்டு எண்ணும் உறவினர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

மக்கள்தொகை என்று வந்துவிட்டால் முத்திரை குத்தும் ஆசை நம்மை விடுவதில்லை. இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் அரிவாள் செல் சோகையை 'ஆப்பிரிக்க நோய்' என்று சொல்லும் படித்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நீலகிரிப் பழங்குடியினரிடம் அந்த மரபணு இருப்பது 1952-லேயே பதிவாகிவிட்டது. மலேரியா நெடுங்காலம் ஆட்டிப்படைத்த பகுதிகளில், அந்த மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களை அது மலேரியாவிலிருந்து காத்தது. அதனால் அங்கே தங்கியது. தோல் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மனித மரபணு வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள் குழுவுக்கு உள்ளேயே இருக்கிறது என்று மரபியலாளர் ரிச்சர்ட் லெவான்டின் 1972-லேயே கணக்கிட்டுக் காட்டினார்.

அப்படியானால் குழுவைப் பற்றிக் கேட்கவே வேண்டாமா? வேண்டும். பல தலைமுறைகளாகத் தங்களுக்குள்ளேயே மணம் முடித்த ஆரிய வைசியர்களில் சிலருக்கு ஒரு நொதி மிகக் குறைவு. அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் என்ற மருந்தைக் கொடுத்தால், அதைச் சிதைக்க அந்த நொதி போதாமல் அவர்களின் தசைகள் நெடுநேரம் இயங்காமல் கிடக்கும். அதுவரை செயற்கைச் சுவாசம்தான். மயக்க மருத்துவர் சமூகத்தைக் கேட்டால் கோபப்படாதீர்கள். ஆனால் அந்தப் பதில் சோதனைக்கு ஈடாகாது. அச்சமூகத்திலும் பெரும்பாலோருக்கு அந்தக் குறை இல்லை.

கடைசியாக, ரிப்போர்ட்டில் 'முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்' (தீங்கானதா இல்லையா என்று இன்னும் தெரியாதது) என்று இருந்தால் அதை நம்பி மார்பகத்தையோ சினைப்பையையோ அகற்ற முடிவெடுக்கக் கூடாது. உலகின் மரபணுத் தரவுகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி என்பதால், நம்மிடையே சாதாரணமாகப் புழங்கும் வேறுபாடுகள்கூட அங்கே அபூர்வமாகத் தெரியும். தரவு சேரச் சேர இவற்றில் பல தீங்கற்றவை என்று மாற்றி எழுதப்படுகின்றன. ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்தி, ஓரிரு ஆண்டு கழித்து மறுபடி பார்த்துச் சொல்லும்படி அதே ஆய்வகத்திடம் கேளுங்கள்.