பைக் ஃபிட்: போவதற்கு முன்னும் வந்த பின்னும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோடு பைக் என்ற வேக சைக்கிளை ஓட்டும் பலருக்கு பைக் ஃபிட், அதாவது சீட், ஹேண்டில்பார் முதலியவற்றை ஃபிட்டர் ஒருவர் நம் உடம்புக்கு ஏற்றபடி அளந்து பொருத்துவது, நினைவுக்கு வருவது முட்டி வலி வந்த பிறகுதான். ஆனால் முதல் தவறு அதற்கு வெகு முன்பே, கடையில் நடந்துவிடுகிறது. "உங்க உயரத்துக்கு 54 சைஸ் சரியா இருக்கும் சார்" என்பார்கள். நாமும் சரி என்று வாங்கிவிடுவோம். ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளமாக இருக்கும், இன்னொருவருக்கு உடம்பு நீளமாக இருக்கும். சீட் உயரத்தை இருவருக்கும் சரிசெய்துவிடலாம். ஹேண்டில்பார் எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரத்தில் வரும் என்பதைப் பெரும்பாலும் ஃபிரேம்தான் முடிவு செய்கிறது. ஒவ்வொரு மாடலின் அட்டவணையிலும் ஸ்டாக் (ஃபிரேமின் முன்பக்கம் எவ்வளவு உயரம்), ரீச் (அது எவ்வளவு தூரம் முன்னால்) என்று இரண்டு அளவுகள் இருக்கும். பார்க்க வேண்டியவை அவைதான். ஒரு பிராண்டின் 54-ம் இன்னொன்றின் 54-ம் ஒன்றல்ல. ஃபிரேம் நீளமாகப் போய்விட்டால் குட்டையான ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) போட்டு ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் 110 மி.மீ. இருந்த இடத்தில் 70 போட்டால் ஸ்டியரிங் குணமே மாறிவிடும்.

அதனால் முடிந்தால் வாங்குவதற்கு முன்பே ஃபிட்டரைப் பாருங்கள். சீட், ஹேண்டில்பார், கிராங்க் (பெடலைத் தாங்கிச் சுழலும் தண்டு) எல்லாவற்றையும் நகர்த்தக்கூடிய ஃபிட் பைக் சில இடங்களில் இருக்கும். அதில் உட்கார்ந்து அளவுகளைக் கண்டுபிடித்துக்கொண்டு கடைக்குப் போகலாம். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால், ஃபிட் முடியும்வரை ஃபோர்க் குழாயை (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவையிலிருந்து மேலே ஸ்டெம் வரை போகும் குழாய்) வெட்ட வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவையுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது.

ஃபிட்டுக்குப் போகும்போது தினமும் போடும் ஷூ, அதே பெடல், அதே சைக்கிளிங் ஷார்ட்ஸ். புதுசு எதுவும் வேண்டாம். ஷார்ட்ஸின் பேட் தடிமன் மாறினாலே சீட் உயரம் சில மில்லிமீட்டர் மாறும். தளர்வான டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு போனால் இடுப்பு மூட்டு எங்கே இருக்கிறது என்றே ஃபிட்டருக்குத் தெரியாது. ஞாயிறு காலை ஈசிஆரில் மகாபலிபுரம் போய்த் திரும்பிவிட்டு மதியம் ஃபிட்டுக்குப் போவதும் வேண்டாம். களைத்த உடம்பு வேறு மாதிரி உட்காரும்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, வாயைத் திறக்காமல் இருப்பது. நல்ல ஃபிட்டர் டேப்பை எடுப்பதற்கு முன் நிறையக் கேள்வி கேட்பார். பழைய அடி உண்டா, முதுகு எப்படி, ஆபீஸில் எத்தனை மணி நேரம் உட்காருகிறீர்கள், வலி எத்தனையாவது கிலோமீட்டரில் ஆரம்பிக்கிறது, எந்த இடத்தில். "முட்டி வலிக்குது" என்று மட்டும் சொன்னால் போதாது. முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பின்பக்கம் என்றால் உயரமாக இருக்கிறதா என்று. பக்கவாட்டில் என்றால் ஷூவின் அடியில் இருந்து பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளீட்டின் கோணத்தைச் சந்தேகிக்க வேண்டும். கையிலும் அப்படித்தான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால், உள்ளங்கையின் வெளி ஓரத்தில் அல்நார் நரம்பு அழுந்துகிறது. கட்டைவிரல் பக்கம் மரத்தால் அது மீடியன் நரம்பு. எந்த விரல் என்று சொன்னாலே ஃபிட்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

சொல்லக் கூச்சப்படும் இடம் ஒன்று இருக்கிறது. சீட்டில் உட்கார்ந்து சில மணி நேரத்தில் பிறப்புறுப்பு மரத்துப்போவது ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடக்கிறது. அந்த இடத்து நரம்பும் ரத்தக் குழாயும் நசுங்குவதால் வருவது அது. சீட்டின் அகலம், சாய்வு, நடுவில் இருக்கும் பள்ளம் ஆகியவற்றை மாற்றிப் பல நேரம் சரிசெய்துவிடலாம். ஆனால் நீங்கள் சொன்னால்தான் அவர் மாற்றுவார். கூட ஓட்டுகிறவர்கள் "கொஞ்ச நாள்ல பழகிடும்" என்பார்கள். மரத்துப்போவது பழக வேண்டிய விஷயமே இல்லை. இந்த ஒரு அறிவுரையால் சைக்கிளை ஓரங்கட்டியவர்கள் நிறைய. ஃபிட்டர் ஒன்றை மாற்றிவிட்டு "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்கும்போது மரியாதைக்காக "நல்லா இருக்கு" என்பதும் கூடாது. வித்தியாசம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள்.

அடுத்தது, சூத்திரத்தை அப்படியே நம்புவது. டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பெயரில் ஒரு கணக்கு உண்டு: காலின் உள் நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால், கிராங்க் சுழலும் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையான உயரம். ஆரம்பிக்க நல்ல எண்தான். ஆனால் கிராங்க் நீளம், ஷூ அடியின் தடிமன், பாதத்தை எப்படிச் சாய்த்து மிதிக்கிறீர்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. முட்டிக் கோணத்திலும் ஒரு குழப்பம் உண்டு. பெடல் அடியில் இருக்கும்போது முட்டி 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்க வேண்டும் என்பது அசையாமல் நிறுத்தி அளக்கும்போது. மிதித்துக்கொண்டே கேமராவில் அளந்தால் எண் சில டிகிரி கூடுதலாகத்தான் வரும். வீட்டில் வீடியோ எடுத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஃபிட்டர் சீட்டைத் தாழ்வாக வைத்துவிட்டார் என்று ஏற்றிவிடாதீர்கள்.

வீரர்களைப் பார்த்து அப்படியே செய்வதும் நிறைய நடக்கிறது. ஸ்லோவேனிய சைக்கிள் பந்தய வீரர் டடேய் போகச்சார் 2024-ல் 165 மி.மீ. கிராங்குக்கு மாறினார், உடனே பலரும் கிராங்கை மாற்றினார்கள். குட்டைக் கிராங்க் பலருக்கு நல்லதுதான், அதில் தப்பில்லை. ஆனால் 172.5-லிருந்து 165-க்கு வந்தால் பெடல் கீழே போகும் தூரம் 7.5 மி.மீ. குறைகிறது; சீட்டை அந்த அளவுக்கு ஏற்ற வேண்டும். ஏற்றினால், சீட்டோடு ஒப்பிடும்போது ஹேண்டில்பார் அதே அளவு தாழ்ந்ததாகிவிடும். ஒன்றைத் தொட்டால் மற்றதும் நகரும். கிளீட்டிலும் இதே கதை. ஷிமானோ நிறுவனத்தின் ரோடு பைக் கிளீட்டான எஸ்பிடி-எஸ்எல்லில், பெடலில் மாட்டிய பாதம் பக்கவாட்டில் திரும்ப மஞ்சளுக்கு 6 டிகிரி அசைவு, நீலத்துக்கு 2, சிவப்புக்கு அசைவே கிடையாது. பந்தயக்காரர்கள் போடுகிறார்கள் என்று சிவப்பை மாட்டினால், கோணம் கொஞ்சம் தவறினாலும் மிதிக்கிற ஒவ்வொரு முறையும் முட்டிதான் முறுக்கப்படும்.

ஒருமுறை செய்த ஃபிட் ஆயுசுக்கும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். பெல்ஜிய சைக்கிள் பந்தய வீரர் எட்டி மெர்க்ஸ் 1969-ல் பிரான்சின் புளுவா நகரில் விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு, பந்தயத்துக்கு நடுவிலேயே சீட் உயரத்தை மாற்றிக்கொண்டிருப்பார். நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் எடை கணிசமாக ஏறி இறங்கினாலோ, அடிபட்டாலோ, பிரசவத்துக்குப் பிறகு திரும்ப ஓட்ட வந்தாலோ மறுபடி பார்க்க வேண்டும். பின்தொடர்தல் அமர்வு கட்டணத்தில் சேர்த்தியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அறையில் சரியாகத் தெரிவது சாலையில் மூன்று மணி நேரம் கழித்து வேறாகத் தெரியலாம்.

ஃபிட் முடிந்த அடுத்த வாரமே 200 கி.மீ. பிரவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ரைடு) போகாதீர்கள். பதின்மூன்றரை மணி நேரக் கெடுவுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் புது வலியைக் கவனிக்கவே மாட்டீர்கள். இரண்டு மூன்று வாரம் சின்ன ரைடுகள் போதும். இடையில் ஒவ்வொன்றாக நீங்களே மாற்றினால், எதனால் வலி வந்தது என்று ஃபிட்டராலும் சொல்ல முடியாது.

அப்புறம், அளவுகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சீட் போஸ்டில் (சீட்டைத் தாங்கும் குழாய்) ஃபிரேம் ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால், ஊருக்குப் போகப் பெட்டியில் போடும்போது கழற்றினாலும் அதே உயரத்தில் மாட்டலாம். தானாக இறங்கினாலும் தெரிந்துவிடும். கார்பன் போஸ்ட் இறங்குகிறது என்று கண்மூடித்தனமாக முறுக்கினால் விரிசல் விடும். வழுக்காமல் பிடிக்க உதவும் கார்பன் பேஸ்ட் தடவி, போஸ்டிலும் கிளாம்பிலும் அச்சிட்டிருக்கும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்குள், அந்த விசையைக் காட்டும் டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள். தேய்ந்த கிளீட்டைக் கழற்றும் முன் அதைச் சுற்றி ஷூவில் மார்க்கரால் கோடு வரைந்துவிடுங்கள். இவ்வளவும் செய்து, சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் நாள் கணக்கில் விரல் மரத்தே இருந்தாலோ, முட்டி வீங்கினாலோ, இன்னொரு ஃபிட்டுக்குப் பணம் கட்டாமல் மருத்துவரைப் பாருங்கள்.