பத்தி கொடுத்து விடை கேட்டால்: குரூப் 4 எழுதும் மலைப் பிள்ளைகளுக்கு

மலை ரயிலைப் பற்றி ஒரு பத்தி கொடுத்து ஐந்து கேள்வி கேட்டால், நீலகிரிப் பிள்ளைகள் ஐந்தையும் அடித்துவிடுவார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது வேறு. பவளப்பாறை, பாலைவனம் என்று பார்த்திராத விஷயம் வந்தால் வரி வரியாகப் படித்து ஒழுங்காக விடை போடுகிறார்கள். தெரிந்த விஷயம் வந்துவிட்டால் பத்தியைப் பாதியில் விட்டுவிட்டு, மனதில் இருப்பதிலிருந்து எடுத்துப் போடுகிறார்கள்.

கோத்தகிரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வு எழுதுகிறவர்களுக்குத் தமிழ்ப் பகுதி சொல்லித் தருகிறேன். மற்ற நாட்களில் தேயிலை ஃபேக்டரி ஆபீசில் கொழுந்து எடைக் கணக்கு எழுதும் வேலை. "அக்கா, இது நிஜம்தானே, நாங்களே பார்த்திருக்கோமே" என்று வகுப்பில் சண்டைக்கு வருவார்கள். நிஜம்தான், யார் இல்லை என்றது? கேள்வியில் 'பத்தியின்படி' என்று போட்டிருக்கிறதே, அதைப் பார்த்தீர்களா என்பேன்.

முதலில் தாளின் கணக்கு. குரூப் 4-ல் 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். ஒரு நிமிடம்கூட முழுசாகக் கிடைக்காது. பாதித் தாள், அதாவது 100 கேள்வி, தமிழ். அதில் 40 சதவீதம், 60 மதிப்பெண் வராவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளுதல் பாடத்திட்டத்தில் தனி அலகு. இலக்கணம் மாதிரி மனப்பாடம் எதுவும் வேண்டாம். விடையைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேள்வியே கேட்கிறார்கள். இதில் மதிப்பெண் விட்டால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

பத்தியை முதலில் படிப்பதா, கேள்வியை முதலில் படிப்பதா என்று எல்லோரும் கேட்பார்கள். பத்து வரிக்குள் இருக்கும் தமிழ்ப் பத்தி என்றால் நேராகப் பத்தியையே படித்துவிடுங்கள், ஒரே மூச்சில், திரும்பிப் போகாமல். நீளமான பத்தி என்றால் கேள்விகளை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள். கீழே இருக்கும் நான்கு விடைகளை அப்போது பார்க்கவே பார்க்காதீர்கள். அதில் மூன்று பொய். பத்திக்கு முன்னால் பொய்யைப் படித்தால் அதுதான் மனதில் ஒட்டும்.

இப்போது ஒரு பத்தியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். வகுப்புக்காக நானே எழுதியது:

"மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ல் மலை ரயில் ஓடத் தொடங்கியது. 1908-ல் அது உதகை வரை நீட்டிக்கப்பட்டது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் மிகக் கடுமையானது. எனவே அங்கு மட்டும் இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசைத் தண்டவாளம் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வி ஏறும்படி செய்தனர். 2005-ல் யுனெஸ்கோ இந்த ரயில் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது."

கேள்வி: பத்தியின்படி, பல்வரிசைத் தண்டவாளம் பதிக்கப்பட்டது ஏன்?

ஏ) மழைக்காலத்தில் தண்டவாளம் வழுக்குவதால்
பி) மேட்டுப்பாளையம் முதல் உதகை வரை ஏற்றம் கடுமையாக இருப்பதால்
சி) பாதையின் ஒரு பகுதி மிகவும் செங்குத்தாக இருப்பதால்
டி) உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்படுவதற்காக

எங்கள் பிள்ளைகள் பலர் ஏ போடுவார்கள். மழையில் பாதையில் மண் சரிந்து ரயில் ரத்தாகும் செய்தியை வருஷா வருஷம் கேட்டு வளர்ந்தவர்கள், பாவம். பத்தியில் மழை என்ற பேச்சே இல்லை. பி-யில் ஊர்ப் பெயர்கள் எல்லாம் பத்தியில் உள்ளவைதான், ஆனால் கல்லாறு–குன்னூர் என்பதை முழுப் பாதைக்கும் இழுத்துவிட்டார்கள். டி பத்தியின் சொற்களை அப்படியே எடுத்து, இல்லாத உறவை முடிச்சுப் போடுகிறது. சி-யில் 'கல்லாறு', 'குன்னூர்', 'ஏற்றம்' எதுவுமே இல்லை. சொல் மாறியிருக்கிறது, பொருள் மாறவில்லை. அதுதான் விடை. சரியான விடை பல சமயம் இப்படி வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வரும். பத்தியின் சொற்கள் அப்படியே திரும்பி வந்தால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள்.

அதே பத்திக்கு இன்னொரு கேள்வி: கூறப்படாதது எது? விடைகளில் ஒன்று, 'பாதையின் நீளம் 46 கிலோமீட்டர்'. உண்மைதான், ஆனால் பத்தியில் இல்லை. ஆகவே அதுதான் விடை. 'தவறானது எது' என்று கேட்டிருந்தால் அது விடை ஆகாது; '1908-ல்தான் மலை ரயில் முதன்முதலில் ஓடியது' என்பதைத் தேட வேண்டும். கூறப்படாதது, தவறானது, பொருந்தாதது: இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துத் தொலைப்பவர்கள் நிறையப் பேர். விடையை வினாத்தாளில் டிக் செய்யக்கூடாது என்று முன்பக்கத்திலேயே போட்டிருப்பார்கள், அதனால் பென்சிலை நம்பாதீர்கள். கேள்வியின் கடைசிச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டு, இடது கை ஆள்காட்டி விரலைப் பத்தியின் அந்த வரியில் வைத்துக்கொண்டு விடைகளைப் படியுங்கள். விரல் வைக்க வரி கிடைக்கவில்லை என்றால் அந்த விடைக்குப் பத்தியில் ஆதாரம் இல்லை. வீட்டில் பழகும்போதும் கோடு போடாமலே பழகுங்கள்.

தமிழில் சின்ன இடைச்சொற்கள்தான் கழுத்தை அறுக்கும். 'தேயிலை விளைகிறது' என்பதும் 'தேயிலையும் விளைகிறது' என்பதும் ஒன்றல்ல. அந்த 'உம்' இருந்தால் வேறு பயிரும் உண்டு. 'தேயிலையே' என்றால் வேறு எதற்கும் இடமில்லை. வரை, மட்டும், தவிர, கூட, ஆவது எல்லாம் அப்படித்தான். மேலே உள்ள பத்தியில் 'அங்கு மட்டும்' என்ற இரண்டு சொல்லைக் கண் தாண்டிப் போனவர்கள்தான் பி-க்குப் போனார்கள். அப்புறம் 'ஆனால்', 'எனினும்' வந்தால் வேகத்தைக் குறையுங்கள். அதற்குப் பின்னால் வருவதில்தான் ஆசிரியரின் கருத்து இருக்கும், கேள்வியும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். விடைகளில் 'எல்லா', 'எப்போதும்', 'ஒருபோதும்' கண்டால் சந்தேகப்படுங்கள். பத்தியே அவ்வளவு அடித்துச் சொல்லியிருந்தால் மட்டும் சந்தேகத்தை விடுங்கள்.

தலைப்பு கேட்டால் சுலபம். 'இந்திய ரயில்வே' ரொம்பப் பெரிசு, 'யுனெஸ்கோ அறிவிப்பு' ரொம்பச் சிறிசு. எல்லா வரிகளும் உள்ளே அடங்குகிற தலைப்பை எடுங்கள்.

ஒரு கூற்றும் ஒரு காரணமும் கொடுத்து, இது அதற்குக் காரணமா என்று கேட்கும் கூற்று–காரணம் வகைக்கு ஒரு வழி. இரண்டும் சரியா என்று தனித்தனியே பாருங்கள். சரி என்றால் நடுவில் 'ஏனென்றால்' போட்டுப் படியுங்கள். 'கல்லாறுக்கு மேல் பல்வரிசைத் தண்டவாளம் உண்டு, ஏனென்றால் 2005-ல் யுனெஸ்கோ அறிவித்தது.' படிக்கும்போதே சிரிப்பு வருகிறதல்லவா? இரண்டும் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை என்ற விடைக்குப் போய்விடலாம்.

பயிற்சிக்கு விலை கொடுத்துப் புத்தகம் வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள தமிழ்ப் பாடநூலில் ஒரு உரைநடைப் பத்தியை எடுத்து, நீங்களே கேள்வி எழுதுங்கள். சரியான விடை ஒரு நிமிஷத்தில் வந்துவிடும். மூன்று தவறான விடைகள் எழுதத்தான் மண்டை காயும்: ஒன்று உண்மையாக இருந்தும் பத்தியில் இல்லாதது, ஒன்று இழுத்து நீட்டியது, ஒன்று பாதி சரி பாதி தப்பு. எழுதித் தோழியிடம் கொடுத்து அவளை ஏமாற்றப் பாருங்கள். அரவேணுவிலிருந்து சேர்ந்து வரும் இரண்டு பெண்கள் பஸ்ஸிலேயே இதைச் செய்துகொண்டு வருகிறார்கள். இப்போது அவர்களை ஏமாற்ற நான் தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

தேர்வு அறையில் ஐந்து கேள்வி உள்ள பத்திக்கு ஐந்து நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு விடைக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் இரண்டையும் பத்தியோடு ஒப்பிடுங்கள். பத்தி குறைவாகச் சொன்னதைக் கூட்டிச் சொல்லும் விடையைத் தள்ளிவிட்டு மற்றதை நிரப்புங்கள். குரூப் 4-ல் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. அதனால் 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டத்தைப் பத்திக் கேள்விக்கு நிரப்புவது வீண். எந்த வட்டத்தையும் நிரப்பாமல் விடுவதும் கூடாது, அதற்குத்தான் மதிப்பெண் பிடிப்பார்கள். வங்கித் தேர்வும் சேர்த்து எழுதுகிறவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு: ஐபிபிஎஸ் கிளார்க் முதல்நிலையில் ஆங்கிலம் 30 கேள்விக்கு 20 நிமிஷம், ஒவ்வொரு தப்புக்கும் கால் மதிப்பெண் போகும். அங்கே இரண்டு விடையையாவது தள்ள முடியவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள்.