வெப்பக் கணக்கில் விட்டுப்போகும் சிலிக்கான்

ரியாக்‌ஷன் பாண்டட் சிலிக்கான் கார்பைடு என்ற பீங்கான் வகைப் பொருளுக்கு வெப்ப மாதிரி (சூடு எப்படிப் பரவும் என்ற கணினிக் கணக்கு) போடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் படியிலேயே சறுக்குகிறார்கள். கையேட்டில் சிலிக்கான் கார்பைடுக்கு உள்ள எண்களை அப்படியே மென்பொருளில் இட்டுவிடுகிறார்கள். ஆனால் இது கலப்புப் பொருள். கார்பைடு தூளும் கார்பனும் சேர்த்து வார்த்த வடிவத்துக்குள் உருகிய சிலிக்கானை ஊறவிட்டுச் செய்கிறார்கள். கார்பனோடு சேர்ந்தது போக மீதிச் சிலிக்கான் துளைகளிலேயே உறைந்து நிற்கும். பல ரகங்களில் அது 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

இந்த மீதி 1414 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். 1450 டிகிரியில் கணக்கை ஓட்டினாலும் மென்பொருள் எச்சரிக்காது. உலையிலோ பொருளின் மேற்பரப்பில் சிலிக்கான் முத்து முத்தாகக் கசியும். அந்த எல்லையைத் தாண்டித்தான் ஆகவேண்டும் என்றால், ஒரு கிலோ சிலிக்கானுக்குச் சுமார் 1790 கிலோஜூல் உள்ளுறை வெப்பத்தை, அதாவது உருகுவதற்கே செலவாகும் வெப்பத்தை, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரைப் போலவே சிலிக்கானும் உறையும்போது விரியும். அதையும் விடக்கூடாது.

அடுத்த சறுக்கல், எல்லா வெப்பநிலைக்கும் வெப்பக் கடத்துதிறனுக்கு ஒரே எண் வைப்பது. சிலிக்கானுக்கு அது 300 கெல்வினில் சுமார் 148 வாட்/மீ·கெல்வின், 1000 கெல்வினில் 31தான். கார்பைடும் சூடேற ஏற இறங்கும். தன்வெப்பமோ (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பம்) ஏறும். அறை வெப்பநிலை எண்ணை வைத்தே ஓட்டினால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் குறைவாகத் தெரியும், அதனால் பொருளுக்குள் எழும் இழுவிசையான தகைவும் குறைவாகத் தெரியும். விரிசல் விழுந்த பிறகுதான் காரணம் தேட ஆரம்பிப்போம்.

சிலிக்கான் தூளை நைட்ரஜன் வாயுவில் சூடாக்கிச் செய்யும் இன்னொரு பொருளான சிலிக்கான் நைட்ரைடு விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். சிலிக்கான் தூள் நைட்ரஜனோடு சேரும்போது, உருவாகும் ஒவ்வொரு மோல் நைட்ரைடுக்கும் 700 கிலோஜூலுக்கு மேல் வெப்பம் வெளிவருகிறது. உலையின் வெப்பநிலையை மட்டும் எல்லை நிபந்தனையாக (துண்டின் வெளிப்பரப்பில் கொடுக்கும் மதிப்பாக) வைத்துவிட்டு, உள்ளே பிறக்கும் இந்த வெப்பத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உலை 1350 டிகிரி செல்சியஸ் காட்டும்போதே தடித்த துண்டின் நடுப்பகுதி சிலிக்கானின் உருகுநிலையைத் தொட்டுவிடலாம். உருகிய சிலிக்கான் ஒன்றுதிரண்டு துளைகளை அடைக்கும், அப்புறம் நைட்ரஜன் உள்ளே போக வழியில்லை. அதனால் வினையின் வேகத்தையும் வெப்பத்தையும் ஒன்றாகத்தான் தீர்க்க வேண்டும். வேகம் கூடினால் சூட்டைக் குறைக்கவோ வாயு வரத்தைக் கட்டுப்படுத்தவோ மாதிரியில் இடம் வையுங்கள்.

இங்கேயே இன்னொரு சறுக்கலும் உண்டு. சிலிக்கான் நைட்ரைடாக மாறும்போது திண்மப் பொருளின் கனஅளவு ஏறத்தாழ 22 சதவீதம் கூடும். அதை வீக்கமாகக் கணக்கில் ஏற்றினால் துண்டே வெடிப்பது போல விடை வரும். உண்மையில் அந்த வளர்ச்சி துளைகளுக்குள்தான் போகிறது, வெளி அளவு அநேகமாக மாறாது. துளை விகிதத்தைக் கணக்கின் ஒவ்வொரு நேரப்படியிலும் (சிறு கால இடைவெளியிலும்) குறைத்து, கடத்துதிறனையும் வாயு ஊடுருவலையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டே போவதுதான் சரி.