பூசினாற்போல் இருக்கிற பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள்

"இவளுக்கு இன்னொரு தோசை வேண்டாம், ஏற்கெனவே பூசின மாதிரி இருக்கா." பத்து வயதுப் பெண்ணின் தட்டைப் பார்த்து வீட்டுப் பெரியவர்கள் இப்படிச் சொல்வதுண்டு. பருவ மாற்றத்தில் நடக்கிற தவறுகளிலேயே பெரியது இதுதான் என்பேன். பல பிள்ளைகள் உயரம் பாய்வதற்குச் சற்று முன் கொஞ்சம் சதை போடுவார்கள். அது உடல் போட்டுவைக்கிற முதல். அந்த நேரத்தில் சாப்பாட்டைக் குறைத்தால் எலும்பும் ரத்தமும்தான் அடிவாங்கும். குறைப்பதானால் பாக்கெட் சிப்ஸையும் குளிர்பானத்தையும் குறையுங்கள். முட்டை, பயறு, கீரையில் கை வைக்காதீர்கள். பெரியவர்களுக்கான பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று பார்க்கிற கணக்கு) அளவை வைத்தும் எடைபோடாதீர்கள். இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம் 5 முதல் 18 வயதுவரை தனியாகவே இருக்கிறது.

அடுத்தது, அக்காவையும் தம்பியையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுவது. பெண்கள் வேகமாக உயர்வது சுமார் 12 வயதில், ஆண்டுக்கு 8 செ.மீ. அளவில். பையன்களுக்கு அந்த வேகம் 14 வாக்கில்தான் வரும். வந்தால் 9, 10 செ.மீ. கூடப் போகும். முதலில் பாதம்தான் நீளும். ஜூனில் வாங்கிய ஷூ தீபாவளிக்குள் கடித்தால், உயரம் பின்னால் வருகிறது என்று அர்த்தம். ஏழாம் வகுப்பில் முதல் வரிசையில் நிற்கிற பையனுக்கு உயரப் பவுடர் வாங்குவது வீண் செலவு. கம்பியில் தொங்கவிடுவதும் அப்படியே. விளையாட்டாகத் தொங்கினால் தொங்கட்டும்.

"வயசுக்கு வந்துட்டா, இனி வளரமாட்டா" என்பதும் முழு உண்மையில்லை. அதன்பிறகும் பொதுவாக 5 முதல் 7 செ.மீ. வளர்கிறார்கள். உளுந்தங்களி நல்லதுதான், அந்த ஒரு வாரத்தோடு நிறுத்திவிடுவதுதான் பிழை. மாதாமாதம் ரத்தம் போகிற உடம்புக்கு இரும்புச்சத்து எப்போதும் வேண்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே எறிகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அளப்பதிலும் கோளாறு உண்டு. கொண்டையோடும் செருப்போடும் அளந்தால் கணக்கு தப்பும். குதிகால் சுவரில் ஒட்ட, வெறுங்காலில், எப்போதும் ஒரே வேளையில் அளந்து தேதியோடு கோடு போடுங்கள். காலையில் இருந்த உயரம் மாலையில் சற்றுக் குறையும்.

மூன்றாம் வகுப்பிலேயே எல்லோரையும் விட உயரமாக இருக்கிற பிள்ளையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் அந்த உயரம் பருவம் முந்தி வந்ததாலும் இருக்கலாம். பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்பும், பையனுக்கு 9-க்கு முன்பும் பருவ மாற்றம் தொடங்கினால் எலும்பு நுனிகளில் வளர்கிற பகுதி சீக்கிரமே மூடி, கடைசியில் உயரம் குறைந்து போகலாம். குழந்தைநல மருத்துவரிடம் முதலில் கூட்டிப்போக வேண்டியது இந்தப் பிள்ளையைத்தான்.