ஆர்க்கெஸ்ட்ரா சாம்பிள் மென்பொருளுக்குக் குறைந்த செலவில் கணினியைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஆர்க்கெஸ்ட்ரா இசையைக் கணினியில் அமைக்க விரும்புகிறவர்கள், கணினி வாங்கும்போது பெரும்பாலும் பிராசசரைப் பற்றியே முதலில் விசாரிக்கிறார்கள். கையில் உள்ள பணம் குறைவு என்றால் செலவின் வரிசை வேறாக இருக்க வேண்டும். முதலில் ராம், அடுத்து எஸ்.எஸ்.டி., அவற்றுக்குப் பிறகே பிராசசர். இந்த வரிசைக்கான காரணம், சாம்பிள்களை, அதாவது வாத்தியங்களை வாசித்துப் பதிவு செய்த ஒலித்துண்டுகளை, ஒலிக்கவைக்கும் மென்பொருள் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

ஒரு வயலின் குழுவின் சாம்பிள் தொகுப்பில் ஒவ்வொரு ஸ்வரமும் மென்மையாகவும் அழுத்தமாகவும், நீட்டியும் நறுக்கியும், வில்லின் பல வீச்சுகளிலும் தனித்தனியே பதிவு செய்யப்பட்டிருக்கும் என்பதால், ஒரே வாத்தியத்துக்குள் பல ஆயிரம் ஒலிக்கோப்புகள் சேர்ந்துவிடுகின்றன. காண்டாக்ட் போன்ற சாம்பிளர்கள் (சாம்பிள்களை ஒலிக்கவைக்கும் மென்பொருள்கள்) இவற்றை முழுவதுமாக ராமில் ஏற்றுவதில்லை. ஒவ்வொரு கோப்பின் தொடக்கப் பகுதியை மட்டும் ராமில் வைத்துக்கொண்டு, நீங்கள் கட்டையை அழுத்தியதும் அந்தத் தொடக்கத்தை ஒலிக்கவிட்டு, அது முடிவதற்குள் மீதியை டிஸ்க்கிலிருந்து படித்துக்கொள்கின்றன. காண்டாக்டில் இந்தத் தொடக்கப் பகுதி வழக்கமாக 60 கே.பி. அளவில் இருக்கும். 5,000 கோப்புகள் கொண்ட ஒரு வாத்தியம் என்றால் அதற்கு மட்டும் 300 எம்.பி.; அதைப் போன்ற 40 வாத்தியங்களைத் திறந்து வைத்தால் 12 ஜி.பி. இதற்கு மேல் விண்டோஸும் இசை மென்பொருளும் தத்தம் பங்கைக் கேட்கும். ஆகவே 16 ஜி.பி. ராம் சிறிய குழுக்களுக்கே போதும். முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு 32 ஜி.பி. வேண்டும், 64 ஜி.பி. இருந்தால் கவலையின்றி வேலை செய்யலாம்.

ராமின் தேவையைக் குறைக்கவும் வழி உண்டு, அதற்கு எஸ்.எஸ்.டி.தான் திறவுகோல். மீதிப் பகுதி எவ்வளவு விரைவாக வந்து சேர்கிறதோ, அவ்வளவு சிறிய தொடக்கப் பகுதியை ராமில் வைத்தால் போதும். காண்டாக்டின் நினைவக அமைப்புகளில் 60 கே.பி.யை 12 கே.பி.யாகக் குறைத்தால், மேலே சொன்ன 12 ஜி.பி. ஏறத்தாழ 2.4 ஜி.பி. ஆகிவிடும். அடர்த்தியான பகுதிகளில் ஒலி அறுபட்டால் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பாருங்கள். இத்துடன், உங்கள் இசையில் வராத ஸ்வரங்களின் சாம்பிள்களை ராமிலிருந்து நீக்கும் பர்ஜ் வசதியையும் பயன்படுத்துங்கள். விலை கொடுத்து ராம் வாங்கும் முன் இந்த இரண்டையும் முயன்று பார்ப்பது நல்லது.

ஹார்டு டிஸ்க்கில் இது நடக்காது. 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலியில் ஒரு வாய்ஸுக்கு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சாம்பிள்களில் ஒன்றுக்கு) நொடிக்கு 288 கே.பி. தேவை, 500 வாய்ஸ்கள் ஒன்றாக ஒலித்தாலும் 144 எம்.பி.தான். கணக்கில் இது ஹார்டு டிஸ்க்கின் எல்லைக்குள் இருப்பதுபோலத் தோன்றினாலும், டிஸ்க்கின் தலை ஒவ்வொரு கோப்புக்கும் இடம்மாறிப் போக ஏறத்தாழ 10 மில்லிநொடி எடுத்துக்கொள்வதால், நூற்றுக்கணக்கான வாய்ஸ்களுக்கு அதனால் ஈடுகொடுக்க முடிவதில்லை. எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகமே இல்லை. நொடிக்குச் சுமார் 550 எம்.பி. படிக்கும் சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.யே போதுமானது, அதிவேக என்.வி.எம்.இ. வகைக்குக் கூடுதல் பணம் தருவதைவிட, அதே பணத்தில் கொள்ளளவு அதிகமான ஒன்றை வாங்குவது பயன் தரும். பழைய ஹார்டு டிஸ்க்கைக் காப்புப் பிரதிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிராசசரில் பார்க்க வேண்டியது கோர்களின் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு கோரின் வேகத்தை. பஃபர், அதாவது கணினி ஒரு தடவையில் கணக்கிட்டு அனுப்பும் ஒலியின் அளவு, 256 சாம்பிள் (இங்கே சாம்பிள் என்பது ஒலியின் ஒரு தனி அளவீடு) என்றால், 48,000 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு 5.3 மில்லிநொடிக்குள்ளும் கணக்கு முடிந்தாக வேண்டும்; ஒரு டிராக்கில் வரிசையாக அடுக்கிய பிளக்-இன்களின் (இசை மென்பொருளுக்குள் சேர்க்கும் துணை மென்பொருள்களின்) வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துத் தருவது கடினம். வாசித்துப் பதிவு செய்யும்போது பஃபரை 128 அல்லது 256-இல் வைத்து, மிக்ஸ் செய்யும்போது 1024-க்கு உயர்த்துங்கள். ஒவ்வொரு டிராக்கிலும் தனித்தனி ரிவெர்ப் (அரங்கின் எதிரொலிப்பைச் சேர்க்கும் பிளக்-இன்) போடாமல், வாத்தியக் குழுவுக்கு ஒன்று என்று பொதுவாக வைத்தால் பிராசசரின் சுமை வெகுவாகக் குறையும். ஒரே வாத்தியத்தை அருகிலும் தொலைவிலும் வைத்த மைக்குகளில் பதிவு செய்த மைக் நிலைகளும் இப்படித்தான்: மூன்று மைக்குகளைத் திறந்தால் ராமும் வாய்ஸ்களும் ஏறத்தாழ மூன்று மடங்காகும். இசை எழுதும் கட்டத்தில் ஒரு மைக் போதும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், அலுவலகங்களிலிருந்து கழிந்து விற்பனைக்கு வரும் டெஸ்க்டாப்களே செலவுக்கேற்ற தேர்வு என்பது என் கருத்து. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வரிசைகளில் இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் உள்ளதைத் தேடுங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. இன்டெல் பிராசசர்களில் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை முதலே விண்டோஸ் 11 முறைப்படி இயங்கும். ஆறு கோர் கொண்ட ஐ5-8500 தொடக்கத்துக்கு நிறைவானது. சிறிய பெட்டி வடிவத்தைவிட டவர் வடிவம் மேல். அதில் ராம் ஸ்லாட்டுகளும் டிஸ்க் வைக்கும் இடமும் அதிகம், விசிறியின் சத்தம் குறைவு. தனி கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. மடிக்கணினிதான் வேண்டும் என்றால், ராம் போர்டோடு பற்றவைக்கப்பட்ட மாடலைத் தவிர்த்துவிடுங்கள். 2024-இல் வந்த எம்4 மேக் மினி 16 ஜி.பி.யில் தொடங்குகிறது, வேகத்தில் குறையில்லை, ஆனால் பின்னாளில் ராமைக் கூட்ட முடியாது. அதில் சாம்பிள்களை வெளிப்புற எஸ்.எஸ்.டி.யில் வைத்துச் செலவைக் கட்டுப்படுத்தலாம்.

சாம்பிள் நூலகத்தின், அதாவது சாம்பிள் தொகுப்பின், தேர்வும் கணினியின் செலவைத் தீர்மானிக்கிறது. ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் பி.பி.சி. சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் டிஸ்கவர் பதிப்பு சுமார் 200 எம்.பி.தான், அதன் புரொஃபஷனல் பதிப்போ சுமார் 600 ஜி.பி. சிறிய பதிப்பில் எழுதியதைப் பின்னர் பெரிய பதிப்புக்கு மாற்றிக்கொள்ள முடியும் என்பதால், இன்று கையிலுள்ள கணினியிலேயே எழுதத் தொடங்கலாம்.

பயன்படுத்திய கணினியை வாங்கும் முன் மூடியைத் திறந்து, காலி ராம் ஸ்லாட்டுகள் எத்தனை, எம்.2 ஸ்லாட் (சிறிய எஸ்.எஸ்.டி.யைச் செருகும் இடம்) உண்டா என்று கண்ணால் பாருங்கள். பிறகு, கணினியில் ஒலி தடையின்றி ஓடுமா என்று சோதிக்கும் லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். நெட்வொர்க் அல்லது வைஃபை டிரைவர் தடை செய்வதாக அது காட்டினால், டிரைவரைப் புதுப்பித்தோ வைஃபையை அணைத்தோ மீண்டும் சோதியுங்கள். அதன் பிறகும் சிவப்பு எச்சரிக்கை மறையாத கணினியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்க வேண்டாம்.