தட்டை மூக்கா, உருண்டை மூக்கா? ஏர் பிஸ்டலுக்கு ரவை பொறுக்குவது

குடியாத்தம் சிரசுத் திருவிழாவில் பலூன் சுடும் கடையில்தான் நான் முதன்முதலில் துப்பாக்கியைத் தொட்டேன். ஐந்து சுட்டால் ஒன்று வெடிக்கும். கடைக்காரர் குழாயை வளைத்து வைத்திருக்கிறார் என்று பழி போடுவோம். டப்பாவில் கிடந்து நசுங்கிய ரவையை அன்று யார் பார்த்தோம்?

முதலில் ஒரு ரவையை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். 4.5 மி.மீ. குறுக்களவுள்ள ஈயம். தலை, உடுக்கை போல ஒடுங்கிய இடுப்பு, பாவாடை போல விரிந்த குடைவான பின்பகுதி. சுட்டதும் காற்றழுத்தத்தில் அந்தப் பாவாடை விரிந்து, குழாயின் உட்சுவரில் சுருளாக ஓடும் வரிப்பள்ளங்களைக் கவ்வும். சுழற்சி அங்கேதான் கிடைக்கிறது. வெளியே வந்தபின், இறகுப்பந்து மாதிரி, பின்பக்கத்தைக் காற்று இழுக்கத் தலை முன்னால் நிற்கும். அதனால் விளிம்பை நகத்தால் தடவி, நெளிந்ததை ஒதுக்கிவிடுங்கள். மூக்கின் வடிவத்தைவிட இதுதான் பெரிய விஷயம் என்பது என் கட்சி.

வெடிமருந்துக் கைத்துப்பாக்கிக்கென்று ஈயம் உருக்கி அச்சில் வார்க்கும் குண்டிலும் இதே கதைதான். அடிவிளிம்பு ஒருபக்கம் மழுங்கியிருந்தால், குழாய்வாயைத் தாண்டும் நொடியில் வாயு அந்தப் பக்கமாக முந்திக் கசியும், குண்டு சாய்ந்துவிடும்.

அடுத்து மூக்கு. 10 மீட்டருக்குத் தட்டை மூக்கு, அதாவது வாட்கட்டர். பஞ்சிங் மெஷின் போட்டது போலக் காகிதத்தில் வட்டமாக வெட்டும். போட்டி இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மி.மீ., ஒரு சட்டைப் பொத்தான் அளவு. கோட்டைத் தொட்டாலே கூடுதல் புள்ளி என்பதால் ஓட்டை சுத்தமாக இருக்க வேண்டும். உருண்டை மூக்கு காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும். விளிம்பு எது என்று சண்டை வரும்.

25 மீட்டரில் கணக்கு மாறும். தட்டை முகம் காற்றில் முட்டி வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். ஆடிக் காற்று இருந்தால் இன்னும் ஒதுங்கும். அங்கே உருண்டை மூக்கு எடுங்கள். கூர்முனை பார்க்க மிரட்டலாக இருக்கும், ஆனால் முனை கொஞ்சம் கோணினாலும் போச்சு. நான் வாங்குவதில்லை.

(உருண்டை என்றதும் முழுக் கோலியை நினைக்காதீர்கள். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் வெடித்த மஸ்கட் என்ற பழைய நீளத் துப்பாக்கிகளின் குண்டு அப்படிப்பட்டது. வரிப்பள்ளமில்லாத குழாய், அதைவிடச் சற்றே சிறிய உருண்டை. நூறு மீட்டரில் ஒரு ஆளைக் குறிவைத்து அடிப்பதே அதிர்ஷ்டம்.)

இனி சோதனை. மொட்டைமாடி வேண்டாம், பயிற்சி ரேஞ்சுக்குப் போங்கள். கண்ணாடி அணியுங்கள். மணிக்கட்டை ஒரு மணல் பையில் தாங்கவைத்து, 10 மீட்டரில் ஒவ்வொரு வகையிலும் ஐந்து ஐந்தாகச் சுடுங்கள். கை ஆட்டத்தையும் ரவையின் குணத்தையும் பிரித்துப் பார்க்கத்தான் அந்தப் பை. பிறகு 25 மீட்டரிலும் அதையே செய்யுங்கள்.

அதிகம் விலகிய இரண்டு ஓட்டைகளின் வெளிவிளிம்புகளுக்கு இடையே அளந்து, ரவையின் குறுக்களவான 4.5 மி.மீ. கழியுங்கள். எண் சிறியதாக வரும் ரவைதான் உங்கள் துப்பாக்கிக்கு. அந்த எண்ணையும் தூரத்தையும் டப்பா மூடியிலேயே எழுதிவையுங்கள். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் டீக்குப் போக வேண்டும்.