தோட்டத்து வீட்டிலிருந்து ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு: முதல் திருத்தம் அனுப்புவது எப்படி

இணையத் தொடர்புகளைக் குறியாக்கம் செய்யும் திறமூல நிரல் தொகுப்புதான் ஓபன்எஸ்எஸ்எல். யாரும் அதற்குத் திருத்தம் அனுப்பலாம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் யுனிஃபை அகலக்கற்றை எட்டாத தோட்டத்து வீடு என்றால் கைப்பேசி டேட்டாதான் கதி. ஆகவே ஓபன்எஸ்எஸ்எல் மூலநிரலை முழு வரலாறோடு இறக்காதீர்கள். நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில் உங்கள் கணக்கில் ஃபோர்க் (சொந்த நகல்) எடுத்துக்கொண்டு, 'கிட் குளோன்' கட்டளையோடு 'டெப்த் 1' சேர்த்தால் கடைசி நிலை மட்டும் வரும். பின்னால் ரீபேஸ் செய்யும்போது (உங்கள் மாற்றத்தைப் புதிய நிலையின் மேல் ஏற்றும்போது) பழைய கமிட்டுகளை (பதிவான மாற்றங்களை) கேட்டு மக்கர் பண்ணினால், டவுனில் வைஃபை உள்ள ஒட்டுக்கடையில் உட்கார்ந்து மிச்சத்தை இழுத்துக்கொள்ளலாம்.

சி கம்பைலர் (சி நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றுவது), மேக் (கட்டும் வேலையை நடத்துவது), பெர்ல் 5 மொழி மூன்றும் தேவை. பெர்ல் இல்லாமல் கட்டுமுன் அமைப்பைச் சரிசெய்யும் கான்ஃபிகரும் ஓடாது, சோதனைகளும் ஓடாது. விண்டோஸ் மடிக்கணினியில், அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போதும். கோப்புகளை லினக்ஸ் பக்கத்து ஹோமில் வையுங்கள், சி டிரைவில் வைத்தால் நத்தை வேகம்தான். எதையும் தொடுவதற்கு முன்பே ஒருமுறை 'மேக் டெஸ்ட்' முழுதாக ஓடட்டும். இப்போதே ஏதாவது தோற்றால், அது உங்கள் கைவரிசை இல்லை என்று தெரிந்துவிடும். மத்தியானம் இடி இறங்கி மின்சாரம் போகும் நேரத்தில் இதைத் தொடங்காமலிருப்பது நல்லது.

புதிய குறியாக்க முறையோடு போய் நிற்காதீர்கள்; வெளியான தரநிலை இல்லாத ஒன்றை யாரும் சீந்தமாட்டார்கள். கையேட்டுப் பக்கத்தில் பிழை, விடுபட்ட சோதனை, சரிபார்க்காத திரும்பு மதிப்பு (ஒரு செயற்கூறு திருப்பித் தரும் விடை): இவைதான் முதல் திருத்தத்துக்கு ஏற்றவை. கடைசியாகச் சொன்னது அற்பமல்ல. கையொப்பத்தைச் சோதிக்கும் 'ஈவிபி வெரிஃபை ஃபைனல்' சரியென்றால் 1, தவறென்றால் 0, வேறு கோளாறென்றால் எதிர்ம எண் தரும். பூஜ்யமா என்று மட்டும் பார்க்கும் நிரல், எதிர்ம எண்ணை வெற்றியாக எடுத்துக்கொள்ளும். 2008-இல் ஓபன்எஸ்எஸ்எல்லுக்குள்ளேயே இந்தத் தவறு அகப்பட்டது. தோல்வியா என்று பார்க்க, '0-க்குச் சமம் அல்லது கீழே' என்றே சோதியுங்கள்.

இரகசியத்தைத் தொடும் நிரலில் விடை சரியாக வந்தால் மட்டும் போதாது. மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) ஒருவர் உங்கள் இரகசிய எண்ணை இடமிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, முதல் தவறிலேயே தலையாட்டுகிறார் என்று வையுங்கள். எவ்வளவு நேரத்தில் ஆட்டினார் என்பதை வைத்தே எத்தனை இலக்கம் சரி என்று கணித்துவிடலாம். இரு தரவுகளை ஒப்பிடும் 'மெம்கம்ப்' செய்யக்கூடியது அதுதான். பதிலாக, எங்கே தவறு என்றாலும் ஒரே நேரம் எடுக்கும் 'கிரிப்டோ மெம்கம்ப்' போடுங்கள். இரகசிய மதிப்பை இஃப் நிபந்தனையாகவோ வரிசைப் பட்டியலின் சுட்டெண்ணாகவோ வைக்காதீர்கள், வகுத்தலும் வேண்டாம். குறியாக்கச் சாவியை அழிக்க, நினைவகத்தை ஒரே மதிப்பால் நிரப்பும் 'மெம்செட்' போட்டால், அதற்குப்பின் அந்த நினைவகத்தை யாரும் படிக்கவில்லை என்று கம்பைலர் அந்த வரியையே தூக்கிவிடலாம். 'ஓபன்எஸ்எஸ்எல் கிளென்ஸ்' அதற்காகவே இருக்கிறது.

நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் கருவி எச்சரிக்கிறதென்று புரியாத வரியை நீக்குவதும் ஆபத்து. 2006-இல் டெபியன் லினக்ஸின் ஓபன்எஸ்எஸ்எல் தொகுப்பில் அப்படி நீக்கியதால், சமவாய்ப்பு எண்ணுக்கு விதையாக செயல்முறை எண் மட்டுமே மிஞ்சியது: வெறும் 32,768 வாய்ப்புகள். வெளியே தெரிய 2008 மே ஆனது.

திருத்தம் ஒன்றுக்குச் சோதனையும் ஒன்று வேண்டும்: பழைய நிரலில் தோற்று, புதியதில் தேறவேண்டும். குறியாக்கச் சோதனைக்கான எண்களை நீங்களே கணக்கிட்டு இடாதீர்கள். தரநிலை ஆவணத்திலிருந்து எடுங்கள். சாச்சா20-பாலி1305 என்ற குறியாக்க முறை என்றால் ஆர்எஃப்சி 8439 என்ற ஆவணத்தில் கிடைக்கும்.

கண்டது பாதுகாப்பு ஓட்டை என்று சந்தேகம் வந்தால், புல் ரிக்குவெஸ்ட் (திருத்தத்தை இணைக்கும்படி கிட்ஹப்பில் பகிரங்கமாகக் கேட்பது) போடாதீர்கள். திருத்தம் வெளியாகுமுன் உலகமே படித்துவிடும். திட்டத்தின் பாதுகாப்புக் குழு மின்னஞ்சலுக்கு எழுதுங்கள்.

மற்றவற்றைப் புல் ரிக்குவெஸ்ட்டாகவே அனுப்பலாம்; அதற்கு, சிஎல்ஏ என்னும் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அனுப்பவேண்டும். எழுத்துப்பிழை போன்ற சில்லறைத் திருத்தமானால், கமிட் செய்தியில் 'சிஎல்ஏ: டிரிவியல்' என்ற வரி போதும். ஒப்பந்தத்திலும் கமிட்டிலும் மின்னஞ்சல் முகவரி ஒன்றாக இருக்கட்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். கம்பெனி வேலையில் இருப்பவர்கள், நிரல் யாருக்குச் சொந்தம் என்று வேலை ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பாய்வாளர்கள் பலர் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். இங்கே மாலை 4 மணி, செக் குடியரசில் காலை 9 அல்லது 10. இரண்டு பேர் ஒப்புதல் தந்தபிறகும் 24 மணி நேரம் காத்திருந்துதான் இணைப்பார்கள். பதில் வரவில்லையென்று மறுநாளே நினைவூட்டாதீர்கள். ஒரு வாரம் விட்டு, ஒரே வரியில் கேளுங்கள்.